பதினேழாம் கேள்வி

எங்கள் ஆய்வகத்தில் ஐந்து பேர்,
ஒரு கெட்டில்,
கதவு சரியாகச் சாத்தாத ஒரு குளிர்பெட்டி.
அதில் பாலுக்குப் பக்கத்தில்
ஊர்ப் பெயர் ஒட்டிய குப்பிகளில் கரடி எச்சம்.
புதிதாக வருகிறவர்களுக்கு
முதலில் அதைத்தான் சொல்லிவைப்போம்.

குளூஜ் பல்கலைக்கழகம், மூன்றாம் மாடி.
கதவுப் பலகையில் ‘மனிதரும் இயற்கைக் காப்பும்’.
யாரை யாரிடமிருந்து காக்கிறோம் என்று
ஒவிடியு மட்டும் கேட்பான்,
வருடத்துக்கு ஒருமுறை,
நிதி விண்ணப்பம் எழுதும் மாதத்தில்.

நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் திரும்பி வந்திருந்தன.
பதினேழாம் கேள்வி:
உங்கள் ஊரை ஒட்டிய காட்டில் கரடி இருப்பதை
எவ்வளவு ஏற்கிறீர்கள்?
1 என்றால் அறவே இல்லை.
5 என்றால் முழுமனதோடு.
ஒரே ஓர் எண்ணை வட்டமிடவும்.

பிரோஷ்கா பேந்தெக்,
தேன்பெட்டி பதினொன்று, பிளம் மரம் நாற்பது,
1ஐயும் வட்டமிட்டிருந்தாள், 5ஐயும் வட்டமிட்டிருந்தாள்.
இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்திருந்தாள்.
மூக்குக்கண்ணாடி ஒன்று
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதில் இல்லாத இடத்தில் 99 என்று இடுவது வழக்கம்.
ஒவிடியு 99 தட்டினான்.
இரண்டு தரம் பதில் சொன்னவளையா
பதில் சொல்லாதவள் என்கிறாய் என்றாள் தெக்லா.
சூப் ஆறியது.
சராசரி எடுங்கள், மூன்று, என்றார் பேராசிரியர் ஸ்மராண்டா.
அதற்கு மட்டும் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்:
மூன்று என்றால் எக்கேடும் கெடட்டும் என்று அர்த்தம்.
இப்படி அழுத்தி வட்டமிட்ட கை அதைச் சொல்லாது.

ஐந்து மணி நேரம் ஓட்டினோம், தெக்லாவும் நானும்.
கார்பாத்திய மலைமடிப்பில் ஹங்கேரிய மொழி பேசும் ஊர்,
பாதி வழிக்கு மேல் சேறு.
தோட்டத்தைச் சுற்றி நாங்கள் தந்த மின்வேலி
நான்கு கம்பியும் தொய்யாமல் நின்றது.
பேட்டரியைத்தான் காணோம்.
அது தேன்பெட்டிகளுக்கு நடுவே
ஒரு வானொலியோடு கோத்திருந்தது.
ஒரு பெண்குரல் தன்யூப் நதியின் நீர்மட்டத்தை
ஊர் ஊராக, சென்டிமீட்டர் கணக்கில்
வாசித்துக்கொண்டிருந்தது.
அந்த நதி அங்கிருந்து எத்தனையோ மலைக்கு அப்பால்.

“கம்பியில் ஒரு முள்ளெலி மாட்டிச் செத்தது,
கழற்றிவிட்டேன்” என்றாள் பிரோஷ்கா.
எப்போது?
“நீங்கள் மாட்டிய வாரமே.
இந்தப் பேச்சைக் கேட்டால் அது வேலிப்பக்கம் வராது.
பாட்டு போட்டால் வருகிறது.”

வேலி போட்ட பதினெட்டு வீட்டில்
ஒரு தேன்பெட்டிகூட உடையவில்லை என்று
கட்டுரை எழுதி, அது அச்சாகி,
கேக் வெட்டியிருந்தோம்.
தெக்லா நோட்டைத் திறந்தாள்.
எழுதாமல் மூடினாள்.

சரி, பதினேழாம் கேள்வி?
“ஒன்று என்னுடையது.
ஐந்து என் தங்கை வில்மாவுடையது.
வீட்டுக்கு ஒரு படிவம்தானே கொடுத்தீர்கள்?
ஒரே வீடு என்று உங்களுக்குப் புரியத்தான் கோடு.”
சமையலறை ஜன்னலில்
ஒரு கை உயர்ந்து இறங்கியது.
இலையுதிர் காலம் முழுக்க இதே சண்டையாம்.
மாலையில் கரடி ஓடையைக் கடப்பதைப் பார்க்க
வில்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுப்பாள்.
அக்கா அதைத் திரும்ப மேசைக்கு இழுப்பாள்.
தரையில் அதன் தடம் இருந்தது, பார்த்தேன்.

திரும்பி வந்து சொன்னோம்.
பதினெட்டு, பதினேழு ஆனது.
இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தோம்.
வானொலியை எந்தச் சொல்லில் எழுதுவதென்று தெரியவில்லை.
மற்ற பதினேழு வீட்டில்
கம்பியைத் தொட்டுப் பார்த்தது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காதது எல்லோர் காதிலும் விழுந்தது.

கடிதத்தின் கீழே எங்கள் ஐந்து பெயர்.
முதல் வரி:
‘நாங்கள் கருதுவது என்னவென்றால்’.
ஒவிடியு அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து
யார் யார், என்றான்.
அது விண்ணப்ப மாதமே இல்லை.
தெக்லா எழுந்து போய்
குப்பிகளை நகர்த்திப் பாலை எடுத்தாள்.
குளிர்பெட்டிக் கதவு
வழக்கம்போல மெல்லத் திறந்துகொண்டது.